இரண்டாம் ஜன்னலை மூடியவள்

ஏவ்ரில் சக்டன் கோபக்காரி என்று ஹாரோகில்லில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கசாப்புக் கடைக்காரரிலிருந்து பாதிரியார் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் குறைவு. பள்ளிச் சமையலறையில் அவள் பக்கத்தில் நின்று பல வருடம் உருளைக்கிழங்கு மசித்தவள் நான். அந்தக் கோபம் எங்கே பிறந்தது, எங்கே போய் முட்டியது என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் ஒரு மேட்டில் இருக்கிறது. மேட்டின் உச்சியில் அந்தக் காலத்தில் கிராமர் பள்ளி இருந்தது. அதை ஒட்டி, மதிலுக்கு இந்தப் பக்கம், மாடர்ன் பள்ளி. பதினொரு வயதில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு பரீட்சை எழுத வேண்டும். தேறியவர்கள் மேலே போய் லத்தீன் படித்தார்கள். தேறாதவர்கள் கீழே வந்தார்கள். கீழே ஆண் பிள்ளைகளுக்கு மரவேலை, பெண் பிள்ளைகளுக்குச் சட்டை இஸ்திரி போடவும் ரொட்டி சுடவும் பயிற்சி. அந்த ஒரு காலை நேரத்துப் பரீட்சையோடு ஒரு பிள்ளையின் வாழ்க்கை முடிவாகிவிடும். அதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை.

ஏவ்ரிலும் அடுத்த வீட்டு ரோஸலிண்டும் ஒன்றாகப் படித்தவர்கள். கணக்கில் ஏவ்ரில்தான் கெட்டிக்காரி. ரோஸலிண்ட் அவளைப் பார்த்துத்தான் எழுதுவாள். பரீட்சை நாளில் ஏவ்ரிலுக்குக் காய்ச்சல். ரோஸலிண்ட் தேறினாள், இவள் தேறவில்லை. செப்டம்பர் பிறந்ததும் ரோஸலிண்ட் பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கமாகத் தெருவில் நடந்தாள். கூப்பிட்டாலும் திரும்பவில்லை.

கம்பள ஆலையில் வேலை பார்த்த ஏவ்ரிலின் அப்பா சமாதானம் சொன்னார்.

"விடு புள்ள. தறிக்கு நீ எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சேன்னா தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல" என்றாளாம் ஏவ்ரில். பதினொரு வயதில்.

பதினைந்தில் ஆலைக்குப் போனாள். கிளிஃபர்ட் என்ற லாரி டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஜனைன் பிறந்தாள். ஜனைனுக்கு அந்தப் பரீட்சை வயது நெருங்க நெருங்க இவளுக்குத் தூக்கம் கெட்டது. அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. பரீட்சையை ஒழிக்கப்போகிறார்கள். இரண்டு பள்ளியையும் சேர்த்து ஒரே காம்ப்ரிஹென்சிவ் பள்ளி. டாக்டர் மகனும் தறிக்காரர் மகளும் ஒரே வாசலில் நுழைவார்கள்.

கிராமர் பள்ளிப் பெற்றோர் ஊர்வலம் போனார்கள், தரம் கெட்டுவிடும் என்று. ஏவ்ரில் அந்த ஊர்வலத்துக்கு எதிரே தனியாக நின்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். நடுவில் இருந்த மதிலை இடித்த அன்று ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. புதிய தலைமையாசிரியர் லாதம் பெட்டி மீது ஏறிப் பேசினார். உயரமான, மென்மையாகப் பேசும் மனிதர். இப்படிப்பட்ட பள்ளிகள் வேண்டுமென்று பல வருடம் கூட்டம் போட்டவர், கட்டுரை எழுதியவர். ஏவ்ரில் அழுததை நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். அடுத்த வாரமே ஆலை வேலையை விட்டுவிட்டுப் பள்ளிச் சமையலறையில் சேர்ந்தாள். நான் அதற்கு முன்பே அங்கே இருந்தேன்.

நல்ல வருடங்கள் அவை. பெரிய சாப்பாட்டுக் கூடம், நீளமான மேஜைகள், பரிமாறச் சமையலறைச் சுவரில் ஜன்னல்கள். கொத்துக்கறி, முட்டைக்கோஸ், கடைசியில் கஸ்டர்ட் ஊற்றிய கேக். எல்லோருக்கும் அதே சாப்பாடு, அதே தட்டு. கேக்கின் ஓரத்துண்டு யாருக்கு என்பதுதான் அங்கே நடந்த பெரிய சண்டை.

பிறகு லண்டனில் ஆட்சி மாறியது, சட்டம் மாறியது. பள்ளிகளை நடத்தும் ஊர்க் கவுன்சில் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவில் எவ்வளவு வேண்டுமானாலும் கைவைக்கலாம் என்றானது. அதே இலையுதிர் காலத்தில் கம்பள ஆலையும் மூடப்பட்டது. ஒரே வெள்ளிக்கிழமையில் எங்கள் தெருவில் பாதி ஆண்கள் வேலையில்லாமல் வீடு திரும்பினார்கள். கிறிஸ்துமஸ் முடிந்து பள்ளி திறந்தபோது இலவசச் சாப்பாடு கேட்ட பிள்ளைகள் கூடத்தில் பாதி.

லாதம் சமையலறைக்கு அவராகவே வந்தார். கதவருகே நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"மிஸஸ் சக்டன், ஒரு சின்ன மாற்றம். காசு கொடுத்துச் சாப்பிடறவங்களுக்கு நீல டிக்கெட், முதல் ஜன்னல். சிப்ஸ், பர்கர், கறி பஃப், அவங்க கேக்கறதைக் கொடுக்கலாம். மத்தவங்களுக்கு மஞ்சள் டிக்கெட். அந்தக் கடைசி ஜன்னல் சும்மாதானே இருக்கு."

"மத்தவங்கன்னா யாரு சார்?"

"இலவசமா வாங்கறவங்க."

"அப்பாவுக்கு வேலை போனவங்க."

"அப்படிச் சொல்ல வேண்டியதில்லம்மா."

"வேற எப்படிச் சொல்லணும், சொல்லுங்க. கத்துக்கறேன்."

லாதமின் காது சிவந்தது. "இது கவுன்சில் முடிவு. எனக்கும் பிடிக்கல."

"பிடிக்காததுக்குக் கையெழுத்துப் போடத்தான் உங்களுக்கு அவ்ளோ பெரிய ரூமா?"

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. லாதம் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

முதல் ஜன்னல் வரிசை முடிந்த பிறகுதான் இரண்டாவது திறக்க வேண்டும் என்று உத்தரவு. மஞ்சள் டிக்கெட் பிள்ளைகள் கூடத்தின் கடைசிச் சுவரோரமாக நிற்பார்கள். மற்றவர்கள் அவர்கள் முன்னால் உட்கார்ந்து சிப்ஸ் தின்பார்கள். இவர்களுக்கு ஜன்னல் திறக்கும்போது இருப்பது ஆறிய உருளைக்கிழங்குக் கூழும் பீன்ஸும். முதல் நாளே எவனோ ஒருவன் அந்த வரிசையைப் பார்த்து "கீச் கீச்" என்று கத்தினான். மஞ்சக்குருவிகள். வாரக் கடைசிக்குள் பள்ளி முழுக்க அந்தப் பெயர்தான்.

வரிசை ஒவ்வொரு நாளும் சுருங்கியது. டிக்கெட் இருந்தும் பிள்ளைகள் வரவில்லை. கவுன்சிலுக்கு அது லாபம். ஏவ்ரிலுக்கு வயிறு எரிந்தது. ஒரு மதியம் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போனாள், நானும் பின்னால் ஓடினேன். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால், காற்றில், பெவர்லி உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா என் தம்பியோடு ஆலையில் வேலை பார்த்தவர். பதின்மூன்று வயது இருக்கும்.

"சாப்பிட வரலையா கண்ணு?"

"பசிக்கல மிஸ்."

"நேத்து?"

"நேத்தும் பசிக்கல."

"பொய் சொல்லாத. உதடு வெளுத்திருக்கு."

பெவர்லி காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சாயங்காலம் எங்க வீட்ல இருக்கறதைத் தங்கச்சிக்கு விட்டுருவேன் மிஸ். ஸ்கூல்ல சாப்பிட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிருக்கேன். நீங்க சொல்லிடாதீங்க."

ஏவ்ரில் யாரையும் திட்டாமல் சமையலறைக்குத் திரும்பி நடந்தாள். அவள் திட்டாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மணி அடிப்பதற்கு முன் இறைச்சி தட்டும் சுத்தியலை எடுத்தாள். இரண்டாம் ஜன்னலின் தகரக் கதவை இழுத்து மூடினாள். தாழ்ப்பாள் வளைந்து நெளிந்து, இனி யாராலும் திறக்க முடியாது என்று ஆகும்வரை அடித்தாள். அந்தச் சத்தம் கூடமெல்லாம் கேட்டது. எங்கள் சமையலறையில் வயதில் மூத்த எட்னா வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ ஏவ்ரில், என்னடி பண்ற? எல்லார் வேலையும் போயிடும்டி."

"என் வேலை போகட்டும். நீ பாட்டுக்கு சிப்ஸ் போடு."

பிள்ளைகள் வந்தார்கள். ஏவ்ரில் முதல் ஜன்னலில் நின்று கத்தினாள். "எல்லாரும் ஒரே வரிசை. டிக்கெட்டை அந்த வாளியில போடுங்க. என்ன கலர்னு நான் பாக்க மாட்டேன். யாராவது கீச் கீச்னா அவனுக்குக் கஸ்டர்ட் தலையில விழும்."

அன்று தட்டை நீட்டிய யாரும் வெறும் தட்டோடு போகவில்லை. சிப்ஸ் பாதியில் தீர்ந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களில் நீல டிக்கெட்காரர்களும் இருந்தார்கள். கூழும் பீன்ஸும் அவர்களுக்கும்தான். வரிசையில் ஜனைனும் நின்றாள். மேல் வகுப்பு, நீல டிக்கெட், தோழிகள் கூட்டம். தட்டை நீட்டாமலே திரும்பிப் போனாள்.

மாலையில் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். ஜனைன் கோட்டைக் கூடக் கழற்றவில்லை.

"சுத்தியலை வச்சு அடிக்கிற அம்மா யாருக்கும்மா இருக்கா? எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க."

"பாக்கட்டும். அந்தப் புள்ளைங்களை தினமும் பாத்தாங்கல்ல, ஒரு நாள் உன்னைப் பாக்கட்டும்."

"நான் காலேஜுக்கு அப்ளை பண்ணிருக்கேன். ரிப்போர்ட் எழுதப்போறது அந்த லாதம்தான். அதை நினைச்சியா நீ?"

ஏவ்ரில் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. "இல்ல" என்றாள். "நினைக்கல."

ஜனைன் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தியதில் சுவர்க் கடிகாரம் ஆடியது.

மறுநாள் காலை கவுன்சிலிலிருந்து ஒரு அம்மாள் வந்து ஏவ்ரிலை வேலையிலிருந்து நிறுத்திவைத்தாள். அரசாங்கச் சொத்தை உடைத்தது குற்றமாம். ஏவ்ரில் மேலங்கியை அவிழ்த்து மேஜையில் எறிந்துவிட்டு நடந்தாள். நான் என்னுடையதையும் அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு அவிழவில்லை, கத்தரிக்கோலால் வெட்டினேன். ஒருத்தி பின் ஒருத்தியாக எல்லோரும் வெளியே வந்தோம், எட்னாவைத் தவிர. அவள் வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். எனக்கு அது புரிந்தது. ஏவ்ரிலுக்குப் புரியவில்லை. எட்னாவோடு அவள் மறுபடி பேசவே இல்லை, அவள் சாவுக்கும் போகவில்லை. அது தப்பு என்று நான் சொல்லிப் பார்த்தேன். "தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

அடுப்பு எரியவில்லை. அவ்வளவு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு இல்லாமல் பள்ளி நடத்த முடியாது. அரைநாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் தொழிற்சங்கம் பள்ளி வாசலில் தட்டி வைத்தது. இலவசச் சாப்பாட்டுப் பிள்ளைகள் வாரக்கணக்காகப் பசியோடு இருந்தபோது கவுன்சிலில் ஒருவர் காதிலும் விழவில்லை. பணம் கட்டிய பெற்றோர், பிள்ளை மதியமே வீட்டுக்கு வந்து தொல்லை தருகிறது என்று தொலைபேசியில் கத்தியதும் அந்த வாரமே விழுந்தது. அதை நினைத்தால் எனக்கே இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஜெயித்தோம்தான். ஆனால் நாங்கள் சொன்ன நியாயத்தால் ஜெயிக்கவில்லை.

டிக்கெட்டெல்லாம் ஒரே நிறமானது. ஒரே ஜன்னல், ஒரே வரிசை. பெண்கள் எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஏவ்ரிலைத் தவிர. அவளைப் பள்ளத்தாக்கின் மறுகோடியில் ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கு மாற்றினார்கள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். மாற்றல் சொல்லக் கூப்பிட்டபோது லாதம் எழுந்து நின்று கையை நீட்டினாராம். இவள் தன் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாளாம்.

அந்த வசந்தத்திலேயே பெவர்லியின் அப்பா வேலை தேடித் தெற்கே போனார், குடும்பமும் போனது. அந்த ஒரே வரிசையில் பெவர்லி நின்று சாப்பிட்டது கொஞ்ச நாள்தான். ஜனைனுக்கு லாதம் நல்லபடியாகவே எழுதிக் கொடுத்தார். கல்லூரிக்குப் போனாள். அதைச் சொல்லிக் காட்டியே அம்மாவும் மகளும் ஒவ்வொரு கிறிஸ்துமஸிலும் சண்டை போட்டார்கள். "அந்த மனுஷன் நல்லவர்மா" என்பாள் ஜனைன். "நல்லவர்தான். அதனாலதான் எனக்கு ஆத்திரம்" என்பாள் இவள்.

பல வருடம் கழித்து, நானும் ஏவ்ரிலும் ஓய்வு பெற்ற பிறகு, சந்தையில் மீன்கடை முன்னால் லாதமைப் பார்த்தோம். ஊன்றுகோல் வைத்திருந்தார். ஏவ்ரிலை அடையாளம் கண்டு தொப்பியைத் தூக்கினார்.

"மிஸஸ் சக்டன். ரொம்ப நாளா உங்ககிட்ட சொல்லணும்னு நினைச்சேன். அன்னைக்கு நீங்க செஞ்சதுதான் சரி."

நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இத்தனை காலம் கழித்தாவது சொன்னாரே என்று. ஏவ்ரிலின் முகம் மாறவில்லை.

"சரின்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியும் சார். தெரியாம செஞ்சிருந்தா எப்பவோ மன்னிச்சிருப்பேன்."

மீன்காரர் பொட்டலத்தை நீட்டியதை லாதம் கவனிக்கவில்லை. நான்தான் வாங்கி அவர் பையில் வைத்தேன். ஏவ்ரில் அதற்குள் பஸ் நிறுத்தத்துக்குப் பாதி வழி போயிருந்தாள். மூச்சிரைக்க ஓடிப் பிடித்தேன்.

"வயசான மனுஷன்டி. ஒரு வார்த்தை நல்லதா சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"இப்பவாவது மனசு ஆறுச்சா?"

பஸ் வந்தது. அவள் படியில் ஏறி, எனக்கும் ஜன்னலோரத்தில் இடம் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் பதில் சொன்னாள்.

"இல்ல நோரீன். ஆறல."