பத்தொன்பதால் வகுபடாத நிலம்

எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கம் செவ்வாய்க்கிழமை அவசரமாகக் கூடி, நீண்ட விவாதத்துக்குப் பின் முக்கியமான முடிவொன்றை எட்டியது: இரங்கல் கூட்டத்தில் இரண்டு நிமிட மௌனம் வேண்டாம், ஒரு நிமிடம் போதும், டீ ஆறிவிடும். கணக்கு வாத்தியார் மாரியப்பன் இறந்த செய்தி அந்த முடிவைச் சொன்ன சுற்றறிக்கையின் இரண்டாவது வரியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

பாபநாசம் பள்ளியில் பதினாறு ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. கூட்டத்தில் எல்லோரும் அவருடைய சாந்தத்தைப் புகழ்ந்தார்கள். அவர்கள் பார்த்தது சாந்தமல்ல, அடக்கிவைத்த கோபம். "கணக்குல தப்பு வந்தா மன்னிக்கலாம் சார். தப்புக்குக் கணக்க சாட்சி கூப்பிட்டா மன்னிக்கக் கூடாது" என்பார்.

காரணம் ஓர் எண்: 5,24,287. நில உச்சவரம்புச் சட்டப்படி ஒரு மிராசுதாரிடமிருந்து எடுக்கப்பட்ட நிலத்தின் பரப்பு, சதுர அடியில். உழுபவனுக்கே நிலம் என்று தாலுகா அலுவலகச் சுவரிலேயே எழுதியிருந்த காலம். பத்தொன்பது கூலிக் குடும்பங்கள் அந்த நிலம் கேட்டு மனுக் கொடுத்தன. அவற்றில் ஒன்று மாரியப்பனின் அக்கா அஞ்சலையின் குடும்பம். மீதமின்றிச் சமமாகப் பிரிக்க இயலவில்லை என்ற குறிப்புடன் மனு திரும்பி வந்தது.

மாரியப்பன் மூன்று நாள் உட்கார்ந்தார். இரண்டில் தொடங்கி 719 வரை உள்ள நூற்று இருபத்தெட்டுப் பகா எண்களாலும் வகுத்தார். ஒவ்வொரு முறையும் மீதம் வந்தது. அந்த எண்ணின் வர்க்கமூலமே 724தான், அதனால் அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. 5,24,287 என்பதே ஒரு பகா எண். தாள்களோடு தாலுகா அலுவலகம் போனார். நானும் கூடப் போனேன்.

"என்ன வாத்தியாரே, உங்க அக்கா பேர எடுத்துட்டா சரியா வருமா?" என்றார் அதிகாரி.

"பதினெட்டாலயும் வராது சார். இத ஒரே ஆளுக்குக் குடுக்கலாம். இல்லன்னா அஞ்சு லட்சத்துச் சொச்சம் பேருக்கு ஆளுக்கு ஒரு அடி."

"அப்ப ஒரே ஆள்கிட்டயே இருக்கட்டுமே! சட்டம் ஒத்துக்கலன்னாலும் கணக்கு ஒத்துக்குதுல்ல?"

குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். மாரியப்பன் கடைசித் தாளைக் காட்டிச் சொன்னார்: "ஒரு சதுர அடிய விட்டுடுங்க. அதுல சர்வே கல்லு நடுங்க. மிச்சம் பத்தொன்பதால சரியாப் போகும். ஆளுக்கு 27,594 அடி."

"அந்த ஒரு அடி கவர்மெண்ட் நிலமாயிடும்யா. நாளைக்கு எவனாவது ஆக்கிரமிச்சா யாரு பதில் சொல்றது?"

அந்த ஓரடியின் பாதுகாப்புக்கு வழி கேட்டுக் கோப்பு தஞ்சாவூருக்குப் போனது. அங்கே அது பதினோரு மாதம் இருந்தது. அதற்குள் மிராசுதார் நீதிமன்றத்தில் தடை வாங்கினார்.

அந்த வகுத்தல் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. நிலம் இப்போது மிராசுதார் மகன் பெயரில் இருக்கிறது. அஞ்சலை அக்கா கடைசிவரை அதில் கூலிக்கு நடவு நட்டார்.