அடித்தார், குடிக்கவில்லை

அரசுப் பணியில் நான் எழுதாத சான்று இல்லை. செத்துப்போன உழவு மாடு செத்துப்போனதுதான் என்று எழுதியிருக்கிறேன். உயிரோடு என் எதிரில் நின்றவருக்கு, அவர் உயிரோடு இருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பெண் கேட்ட ஒரு வரியை மட்டும் எழுதித் தரவில்லை. தன் புருஷன் மருந்து குடிக்கவில்லை, மருந்து அடித்தார், அதனால் செத்தார் என்று அவளுக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டை அப்போது திருச்சி ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. ஆலங்குடிப் பக்கம் ஒரு விவசாய டிப்போவில் நான் குமாஸ்தா. விதைக்கடலையும் உரமும் விற்றுக்கொண்டிருந்த இடத்துக்குப் பூச்சிகளைக் கொல்லும் திரவம் டின் டின்னாக வர ஆரம்பித்தது. டின்னின் மேல் மண்டையோட்டுப் படம், அதன் கீழே ஆங்கிலம். வாசலில் பலகை எழுத வேண்டும் என்றார் மேலதிகாரி. தமிழ் படித்தவன் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. ‘பூச்சிக்கொல்லி நஞ்சு இங்கே கிடைக்கும்’ என்று எழுதிக் காட்டினேன்.

“நஞ்சுன்னு போட்டா எவன்யா வாங்குவான்? வந்த சரக்கு தீர வேணாமா?” என்றார்.

‘பூச்சி மருந்து’ என்று மாற்றினேன். எழுத்து அழகாக அமைந்துவிட்டது என்று பாராட்டினார்கள். நானும் இரண்டு நாள் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே டிப்போவுக்குள் நுழைந்தேன்.

கொஞ்ச நாளில் ஜனங்களின் வாயில் பூச்சி உதிர்ந்து மருந்து மட்டும் நின்றது. மருந்துக்கு யார் பயப்படுவார்கள்? வாளியில் ஊற்றிக் கையை விட்டுக் கலக்கினார்கள். கலக்கிய கையை வேட்டியில் துடைத்துவிட்டு வெற்றிலை மடித்தார்கள். காலி டின்னைக் கழுவி எண்ணெய் வாங்கப் போனார்கள். அதே ஜனங்கள், பக்கத்து ஊரில் ஒருவன் ‘மருந்து குடிச்சிட்டான்’ என்று கேள்விப்பட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒரே சொல்லுக்கு வயலில் ஓர் அர்த்தம், வாயில் ஓர் அர்த்தம்.

சரக்கோடு ஒரு பெட்டியும் வந்திருந்தது. ரப்பர் கையுறை ஒரு ஜோடி, கண்ணாடி, முகமூடி, முழங்கால் வரை தொங்கும் அங்கி. கூடவே ஒரு சுற்றறிக்கை, அதற்கு இணைப்பாக ஆங்கிலத்தில் ஒரு துண்டுப் பிரசுரம். அதன் மூன்றாம் பத்தி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: திரவம் மேலே பட்டால் நனைந்த துணியை உடனே களைந்துவிட்டு உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், தோல் வழியாகவே விஷம் உள்ளே போகும். சுற்றறிக்கையின் அடியில் ‘தக்க நடவடிக்கைக்காக’ என்று இருந்தது. தமிழில் எழுதி ஒட்டுவது தக்க நடவடிக்கைதானா, ஆம் எனில் அது யாருடைய வேலை என்று விளக்கம் கேட்டு எழுதினேன். ‘விதிகளின்படி செய்க’ என்று பதில் வந்தது. அப்படி ஒரு விதி இல்லை. ஆகவே கோப்பில் சேர்த்தேன். பெட்டியை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, நிலை என்ற கலத்தில் ‘புதியது’ என்று எழுதி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

டிப்போவில் முதுகில் மாட்டும் தெளிப்பு பம்பு ஒன்று இருந்தது. பயிர்க்காரர்கள் வாடகைக்கு எடுப்பார்கள். அதைச் சுமந்து அடிக்க எல்லாரும் கூப்பிடும் ஆள் ஒருவர். முப்பது வயது இருக்கலாம், கூலிக்காரர், வாய்த் துடுக்கு ஜாஸ்தி. மருந்து கலக்கத் தண்ணீர் சுமப்பது அவர் மனைவி. அவர் பம்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடக்க, அவள் குடத்தோடு பின்னால் போவாள்.

பீரோ திறந்திருந்த ஒரு நாள் கையுறையைப் பார்த்துவிட்டார்.

“ஐயா, அந்த ஒறையைக் குடுங்க. மாட்டிக்கிட்டு மாப்புள்ள கணக்கா போறேன்.”

“மனு எழுதிக் குடு. மேலே அனுப்பி உத்தரவு வாங்கித் தாரேன்.”

“எழுதத் தெரிஞ்சா நான் ஏங்க பம்பு தூக்குறேன்? ஒங்க பக்கத்துல ஒக்காந்து காத்து வாங்க மாட்டேனா?”

எல்லாரும் சிரித்தோம். அந்த ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். அவருக்கும் எழுதியிருந்தால் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். ஆனால் மனுவை எழுதுபவனும் அதைப் பெற்றுக்கொள்பவனும் ஒரே ஆளாக இருப்பது முறையாகாது என்று எனக்கு ஒரு கொள்கை இருந்தது. அன்றைக்குத்தான் அது ஏற்பட்டது.

போகிறபோது திரும்பிச் சொன்னார்: “பம்பு முதுகுல ஒழுகுதுங்க. வாசரை மாத்திக் குடுங்க.”

ரப்பர் வாசர் கேட்டு மேலே எழுதியிருப்பதாகவும், வரும்வரை துணி சுற்றிக்கொள்ளும்படியும் சொன்னேன். அவர் தன் துண்டையே சுற்றிக்கொண்டார்.

அந்த வருஷம் கடலையில் கம்பளிப்பூச்சி ஏகமாக விழுந்தது. பம்பு ஓய்வில்லாமல் ஓடியது. ஒரு நாள் மதியத்துக்குச் சற்று முன்பு, பம்புக்காரர் கடலைக் கொல்லையில் விழுந்துவிட்டார் என்றும், வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றும் செய்தி வந்தது. மேலதிகாரி என்னை அனுப்பினார். ஆளைப் பார்க்க அல்ல. பம்பையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். அரசு உடைமை, மீட்டு வர வேண்டும். சைக்கிளை மிதித்துப் போனேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடத்தியிருந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை, வாயில் நுரை, கை கால் தசைகள் தாமாகத் துள்ளிக்கொண்டிருந்தன. இடுப்பு வேட்டியும் முதுகுத் துண்டும் ஈரம். மருந்து வாடை வாசல் வரை வந்தது. கம்பவுண்டர் நோட்டை விரித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

“என்ன ஆச்சு?”

“மருந்து அடிச்சாருங்க.”

“எத்தனை மணிக்கு?”

“காலையிலேருந்து அடிச்சாருங்க.”

“காலையிலேருந்தா? எவ்வளவு அடிச்சான்?”

“மூணு பம்பு இருக்குங்க.”

“வீட்ல சண்டையா?”

“நேத்துக் கொஞ்சம் பேசிக்கிட்டோங்க. குழம்புல உப்பு ஜாஸ்தின்னு.”

பம்பு என்ற சொல் கம்பவுண்டர் காதில் ஏறவில்லை. அவர் எழுதியது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகப் படிப்பது குமாஸ்தாவுக்கு முதல் வருஷத்திலேயே வந்துவிடும். ‘குடும்பத் தகராறில் மருந்து சாப்பிட்டவர்.’ மருந்து வாடையோடு அங்கே வந்தவர்கள் எல்லாரும் அதுவரை குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள் போலிருக்கிறது. வாய் வழியாகக் குழாயை விட்டு வயிற்றைக் கழுவ ஆரம்பித்தார்கள். வயிற்றில் காலையில் குடித்த கஞ்சிதான் இருந்தது. ஈரத் துண்டு முதுகுக்கும் தரைக்கும் நடுவில் அப்படியே கிடந்தது.

மூன்றாம் பத்தி எனக்கு வரிவரியாக ஞாபகம் வந்தது. கம்பவுண்டர் பக்கம் போய் மெதுவாகச் சொன்னேன்: “உடம்புல பட்டிருக்கலாம் சார். துணியை எடுத்துட்டு...”

“நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?”

“அக்ரிகல்சர்.”

“அப்ப அங்கிட்டு நில்லுங்க. இது மெடிக்கல்.”

நின்றேன். என் துறையில் வேறு துறைக்காரன் வந்து பேசினால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவளிடம் போய், துண்டை உருவி எறிந்துவிட்டுத் தண்ணீர் ஊற்றம்மா என்று சொல்லியிருக்கலாம். அவள் செய்திருப்பாள், தண்ணீர் சுமப்பதுதானே அவள் வேலை. சொல்லவில்லை. வண்டிக்குப் போய்ப் பம்பை எடுத்து சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தேன். என் சட்டையில் படாமலிருக்க அடியில் சாக்கு வைத்துக் கட்டினேன். கட்டி முடித்தபோது உள்ளே அவள் அழுகை கேட்டது.

போலீஸ் விசாரணை ஆஸ்பத்திரி நோட்டைப் பார்த்து நடந்தது. பஞ்சாயத்தார் கையெழுத்துப் போட்டார்கள். விஷம் உடம்பில் இருந்தது நிஜம், சண்டை நடந்ததும் நிஜம். காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

காரியம் எல்லாம் முடிந்தபின் அவள் டிப்போவுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எங் கையால எங்க அத்தை சோறு வாங்கித் திங்கிறதில்லைங்க. உப்புக்காக ஒருத்தன் மருந்து குடிப்பானான்னு ஊரே கேக்குது. அவுக குடிக்கலைங்க. அடிச்சாக. பம்பு ஒழுகுனது ஒங்களுக்குத் தெரியும். அதை எழுதிக் குடுங்க. ஊர்க்கூட்டத்துல படிச்சுக் காட்டணும்.”

எழுத உட்கார்ந்தேன். பம்பு ஒழுகியது என்று எழுதினால் ஒழுகும் பம்பை வாடகைக்கு விட்டது யார் என்று வரும். தோல் வழியாக விஷம் ஏறியது என்று எழுதினால் அது உமக்கு எப்படித் தெரியும் என்பார்கள். துண்டுப் பிரசுரம் வெளியே வரும், அதன் பின்னால் பெட்டி வரும். எனவே இப்படி எழுதினேன்: ‘மேற்படி நபர் அன்றைய தினம் தெளிப்புப் பணியில் ஈடுபட்டிருந்ததாகத் தெரியவருகிறது.’ முத்திரை குத்திக் கொடுத்தேன். என் வாழ்நாளில் அதைவிடப் பிழையில்லாத வாக்கியம் எழுதியதில்லை.

மறுவாரம் திரும்பி வந்தாள். பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள்.

“இதுல குடிக்கலைன்னு எங்கிட்டுங்க இருக்கு?”

“தெளிப்புப் பணியில் இருந்தாருன்னு போட்டிருக்கேனே அம்மா.”

“அடிச்சிட்டு வந்து குடிச்சிருப்பான்கிறாக. ஒரு சொல்லுத்தாங்க. குடிக்கலைன்னு போடுங்க.”

“அதைப் போட எனக்கு அதிகாரம் இல்லம்மா.”

அவள் பலகையைப் பார்த்தாளா, பீரோவைப் பார்த்தாளா தெரியவில்லை. காகிதத்தை மேஜையில் வைத்து, காற்றுக்குப் பறக்காமலிருக்க என் மைக்கூட்டை எடுத்து அதன் மேல் வைத்தாள். “நீங்களே வச்சுக்கங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஊரை விட்டே போய்விட்டாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். காகிதத்தைக் கோப்பில் சேர்த்தேன். அலுவலகப் பிரதி ஏற்கெனவே இருந்ததால் இப்போது இரண்டாகிவிட்டது.

அடுத்த வருஷம் தணிக்கைக்கு வந்தவர் பீரோவைத் திறந்து பெட்டியைப் பார்த்தார். ரப்பர் கையுறை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பாதுகாப்பு உடை இத்தனை நாள் யாருக்கும் வழங்கப்படாதது ஏன் என்று எழுத்தில் கேட்டார்.

‘கேட்டு எவரும் மனுச் செய்யவில்லை’ என்று பதில் எழுதிக் கையெழுத்திட்டேன். ஆட்சேபணை அத்துடன் நீங்கியது. அந்த வரியை எழுத எனக்கு முழு அதிகாரம் இருந்தது.