வில்லை தொங்குகிறது என்று கிணற்றில் இறங்கியவர்

குமுளி மலையில் இறங்கும்போது ஜீப்பை ஓரங்கட்டிப் போனை எடுத்தேன். “மாமா, அப்பா போயிட்டாக” என்றான் அக்கா மகன். நான் ஸ்டியரிங் பிடித்தால் அந்த மலைப்பாதையே நேராகிவிடும் என்று கூடலூரில் பேச்சு உண்டு. அன்று எனக்கு வளைவே தெரியவில்லை. கிளீனர் பயல் இறங்கி வழி சொல்லாத குறையாக, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று இறங்கினேன்.

அக்கா வீட்டுக்காரர் செல்லமுத்து மச்சானை நீங்கள் கிணறு ஆழப்படுத்துகிறவராக அறிவீர்கள். அதற்கு முன் அவர் நெடுங்காலம் வடக்கே தன்பாத் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடம் தோற்றுப்போன பிறகு நான் ஒழுங்காகப் படித்த ஒரே பாடம், அவர் வாயால் கேட்ட அந்த ஜில்லாவின் சரித்திரம்தான். முதலில் காடும் நெல் வயலும். பிறகு குழி தோண்டிய முதலாளிகள், எங்கெங்கிருந்தோ வந்த கூலிகள், அவர்களுக்கு வரிசை வீடுகள், கடைத்தெரு. அப்புறம் சர்க்கார் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. பூமிக்கடியில் கரியில் பற்றிய தீ மட்டும் யாருக்கும் அடங்கவில்லை. ஊர்களே இடம் மாற வேண்டியதாயிற்று. “அங்கன ஈரத்துணிய தரையில விரிச்சா காய வெயிலே வேணாம் மாப்ளே. அதுக்கு மேலதான் சோறு பொங்குனாக, பிள்ள பெத்தாக” என்பார். நான் இதைச் சொல்லும்போது தரையிலேயே தோசை சுட்டதாகச் சேர்த்துக்கொள்வேன்.

சுரங்க வழக்கம் ஒன்றை அவர் நம் கிணற்று மேட்டுக்கும் கொண்டுவந்தார். தென்னையில் ஒரு பலகை. ஆளுக்கொரு எண் போட்ட தகர வில்லை. இறங்குகிறவன் மாட்ட வேண்டும், ஏறியவன் கழற்ற வேண்டும். ஐந்து பேர் வேலைக்கு ஆபீஸ் நடத்துகிறார் என்று முதலில் சிரித்தவன் நான்தான்.

அப்போது நானும் அவர் ஆட்களில் ஒருவன். ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக் கிணற்றில் வேலை. நான் யாரிடமும் சொல்லாமல் மேலேறி, வில்லையைக் கழற்றாமல், வடை தின்ன ரோட்டுக்கு நடந்துவிட்டேன். அந்த நேரத்தில் கிணற்றின் கிழக்குச் சுவர் சரிந்தது. எல்லோரும் மேலேறியாயிற்று, பலகையில் என் வில்லை மட்டும் தொங்கியது. “அவன் எங்கிட்டாவது வடை தின்னப் போயிருப்பான்” என்று மற்றவர்கள் சரியாகவே சொன்னார்களாம். மச்சான் கேட்கவில்லை. மீதிச் சுவர் எப்போது விழும் என்று தெரியாத நிலையில், கிரேன் வாளியில் ஏறி இறங்கிவிட்டார்.

நான் பொட்டலத்தோடு திரும்பி வந்து, கூட்டத்தை விலக்கி, என்ன விசேஷம் என்று விசாரித்தேன். கீழே அவர் வெறுங்கையால் சேற்றை வாரிக்கொண்டிருந்தார். மேலே வந்தவர் என்னை ஏசவில்லை. மண் அப்பிய கையால் என் தோளை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

“சொரங்கத்துல தண்ணி ஒடச்சுக்கிட்டு வந்த அன்னிக்கு, இப்பிடித்தான் ஒருத்தன் வில்லை மிச்சமிருந்துச்சு. கழட்ட மறந்துட்டு வீட்டுக்குப் போயிருப்பான்னாக. நானும் ஆமான்னுட்டேன். அவன் உள்ளதான் இருந்தான் மாப்ளே.”

இந்தச் சம்பவத்தை நீங்கள் என் வாயால் வேறு மாதிரி கேட்டிருப்பீர்கள். சேற்றுக்கடியில் நான் மூச்சடக்கிக் கிடந்ததாகவும், என் மயிரைப் பிடித்து அவர் இழுத்ததாகவும் டீக்கடை டீக்கடையாகச் சொல்லியிருக்கிறேன். பல தடவை அவர் பக்கத்திலேயே இருந்து கேட்டார். நெசமா என்று யாரோ அவரிடம் கேட்டதற்கு, “கத சொல்ல உசுரோட மேல இருக்கான்ல, சொல்லட்டும்” என்றார்.

இனி அந்தக் கதையைச் சொல்ல மாட்டேன். அன்று நான் கிணற்றில் இல்லை. இருந்தாலும் இருப்பேன் என்று இறங்கிப் பார்த்தவர் அவர். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். அதில் ஒரு சொல்கூடச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.