பாம் ஷெல்டருக்குள் நான் கேட்டதும் யாழினி கேட்டதும்

அடுப்பில் குக்கர் இருந்தது. அடுப்படிக்கு நாலடி தள்ளி சோபாவில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாசல் கதவு பூட்டியிருந்தது. வீட்டில் பெரியவன் என்று நான் ஒருவன்தான். அந்த நானோ ஓர் இரும்புக் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, அதைத் திறக்க முடியாமல் நின்றேன்.

வெள்ளிக்கிழமைதோறும் என்னோடு உட்கார்ந்து பாடும் அன்பர்களே, அன்று நடந்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதியைச் சொல்ல எனக்கு இத்தனை மாதம் ஆகிவிட்டது. வெட்கம்தான் காரணம். நம் குழுவின் கோமதி அக்கா விடாமல் கேட்டதால் எழுதுகிறேன்.

நான் விமான நிலையத்தை ஒட்டிய சாங்கியில் ஒரு சரக்குக் கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச வழி போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. இந்த வேலையில் ஆக உயர்ந்த சான்றிதழ் ஒன்று உண்டு. எட்டு மணி நேரம் உட்கார்ந்து, அவர்கள் வேண்டுமென்றே கெடுத்து வைத்திருக்கும் நெட்வொர்க்கைச் சரிசெய்து காட்ட வேண்டும். இரண்டு முறை போய் இரண்டு முறையும் கோட்டை விட்டேன். மூன்றாம் முறைக்கு வீட்டிலேயே லேப் கட்டினேன். பழைய ரவுட்டர், சுவிட்ச், சர்வர் என்று பதினான்கு பெட்டிகள். போர் வந்தால் ஒளிந்துகொள்ளச் சொல்லி நம் ப்ளாட்டுகளில் கட்டிக் கொடுத்து, நாம் அரிசி மூட்டையும் சூட்கேஸும் அடுக்கி வைத்திருக்கிறோமே பாம் ஷெல்டர், அந்தச் சின்ன அறைதான் என் லேப். என் மனைவி வாணியின் அரிசி மூட்டை கட்டிலுக்கு அடியில் போனது.

பாம் ஷெல்டர் சுவரில் துளை போடக் கூடாது என்பது விதி. ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. ஐம்பது அறுபது ஒயர்களை எங்கே மாட்டுவது? கனத்த இரும்புக் கதவின் உள்பக்கம் நீளமாக ஒரு கைப்பிடி இருந்தது. எல்லா ஒயர்களையும் கட்டாகக் கட்டி அதில் தொங்கவிட்டேன். கதவை எப்போதும் திறந்தே வைத்திருந்ததால் அது எனக்கு ஆணி மாதிரி உதவியது. பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

ஆறு மாதம் பிள்ளையாரிடம் எனக்கு ஒரே வேண்டுதல்தான். பாஸ் பண்ண வை. உங்களோடு பாடும்போதுகூட மனம் லேபில்தான் இருந்தது. கோமதி அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஒரு மாதிரி இருக்கீங்க? ஏதாச்சும்னா சொல்லுங்க லா" என்பார். "ஒண்ணுமில்லக்கா" என்று மழுப்புவேன். இரண்டு முறை தோற்றதை உங்களில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு முறை லேபை வீட்டு இணையத்தோடு இணைத்தேன். ஒயர்களைச் சுற்றி வளைத்து மாட்டியதில் வீட்டு நெட் மொத்தமும் படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வாணி பதவி உயர்வுக்கான நேர்காணலில் திரைக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தாள். பாதிப் பேச்சில் எல்லாம் நின்றுபோனது. பதவி வேறு ஒருவருக்குப் போனது. அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பேசாமல் எழுந்து போய் வீட்டு ரவுட்டரிலிருந்து அந்த மஞ்சள் ஒயரைப் பிடுங்கினாள்.

"சாமி படத்தைத் தொட்டுச் சொல்லுங்க. இனிமே இதைச் செருக மாட்டேன்னு."

பிள்ளையார் படத்தைத் தொட்டுச் சொன்னேன். மகள் யாழினி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயும் தொடக் கூடாது, சரியா?" என்று அவளிடமும் சொல்லி வைத்தாள் வாணி. அதன்பின் மஞ்சள் ஒயர் ஷெல்டர் சுவரின் காற்றுத் துளை வழியாக வெளியே வந்து, டிவி அலமாரிக்குப் பக்கத்தில் சும்மா தொங்கியது.

அன்று விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள். யாழினிக்கு லேசான காய்ச்சல் என்று பாலர் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவளுக்கு ஐந்து வயது நிரம்ப இன்னும் மூன்று மாதம் இருந்தது. வாணிக்கு ஏர்போர்ட்டில் ஷிஃப்ட். நான் லீவு போட்டேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் லீவு என்று பெயர். லீவு கிடைத்தால் லேபில் உட்காரலாம் என்பதுதான் உண்மை.

"கொண்டைக்கடலை ஊறுது. மதியம் குக்கர்ல வச்சுடுங்க. அஞ்சு விசில் வந்ததும் ஆஃப் பண்ணிடுங்க. மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குக்கரை வைத்தேன். யாழினி மருந்து குடித்துத் தூங்கியிருந்தாள். சர்வர் விசிறிகள் போடும் இரைச்சலில் பிள்ளை விழித்துவிடுவாளே என்று ஷெல்டர் கதவை இழுத்தேன். பத்து நிமிடம்தானே, அப்புறம் வந்து அடுப்பைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஃபோன் இருந்தால் கவனம் சிதறும் என்று அதைக் குளிர்பெட்டியின் மேல் வைத்துவிட்டு வந்திருந்தேன். கதவு கனமாக வந்து சாத்திக்கொண்டது. உள்ளே ஏதோ நெரிந்தது.

ஒயர்க் கட்டுதான். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே, தாழ்ப்பாள் கம்பியோடு சேர்ந்து இறுகிவிட்டது. தாழைத் திருப்பும் கைப்பிடி அசையவில்லை. இழுத்தேன். ஒயர்களைக் கொத்தாகப் பிடித்துப் பிய்த்தேன். சுவரில் காலை ஊன்றி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தபோது கைப்பிடி கழன்று என் கையோடு வந்துவிட்டது.

அதை மறுபடி பொருத்திப் பார்த்தேன், நிற்கவில்லை.

கத்தினேன். கதவை உதைத்தேன். குண்டுக்கே அசையாத சுவர் என் உதைக்கா அசையும்? லேப்டாப் உள்ளேயே இருந்தது, ஆனால் அந்தச் சுவருக்குள் வைஃபை வராது. பதினான்கு பெட்டிகளும் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு தமக்குள் பேசிக்கொண்டிருந்தன. என்னால் வெளியே ஒரு வார்த்தை அனுப்ப முடியவில்லை. சர்வர்களின் சூட்டில் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் அணைத்தேன். மஞ்சள் ஒயர் மாட்டியிருந்த சுவிட்ச் பெட்டியை மட்டும் விட்டுவைத்தேன்.

இரைச்சல் நின்றதும் காற்றுத் துளை வழியாக வீடு கேட்டது. குக்கர் விசில் அடித்தது. எத்தனையாவது விசில் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் விசில் வரவே இல்லை. தண்ணீர் வற்றிப்போயிருக்கும். போன வருடம் இதே குக்கரின் வால்வு வெடித்து, கூரையில் பருப்பு அப்பியிருந்தது நினைவுக்கு வந்தது. எழுந்தால் யாழினி முதலில் அடுப்படிக்குத்தான் போவாள். அங்கேதான் அவளுடைய தண்ணீர் பாட்டில் இருந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையாரே என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. சான்றிதழ், பாஸ், எதுவும் நினைவில் இல்லை. என் பிள்ளையைப் பார்த்துக்கொள். நான் எதற்கும் லாயக்கில்லாதவன். நீ பார்த்துக்கொள். இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை பீறிட்டது. அப்பா இறந்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. பதில் ஒன்றும் வரவில்லை. கருகும் வாசனைதான் வந்தது.

"அப்பா?"

காற்றுத் துளைக்கு வெளியே அவள் குரல். பாய்ந்து எழுந்து சுவரில் வாயை வைத்தேன்.

"யாழினி! அடுப்படிக்குப் போகாதடா! போகக் கூடாது! இங்கேயே நில்லு!"

"எங்க இருக்கீங்க?"

"உள்ள இருக்கேன். கதவு மாட்டிக்கிச்சு."

வாசல் கதவின் பூட்டு அவளுக்கு எட்டாது. குளிர்பெட்டியின் உயரமும் எட்டாது. நாற்காலி போட்டு ஏறு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, அதுவும் அந்த அடுப்பின் பக்கத்தில். அவளுக்கு எட்டுவது ஒன்றே ஒன்று. ஒயரைச் செருகி "டிக்" சத்தம் கேட்பது அவளுக்குப் பிடித்த விளையாட்டு. எத்தனையோ நாள் என் மடியில் உட்கார்ந்து செருகியிருக்கிறாள்.

"பாப்பா, மஞ்ச ஒயர் தொங்குதில்ல? அதை டிவி பக்கத்துல இருக்கிற பெட்டியில டிக் பண்ணிடு."

மஞ்சள் ஒயர் அசையவில்லை.

"யாழினி?"

"அம்மா கூடாதுன்னாங்க. நீங்க பிள்ளையார்கிட்ட ப்ராமிஸ் பண்ணீங்க."

நான் வளர்த்த ஒழுக்கம் என் முன்னால் சுவராக நின்றது. "பரவாயில்லைடா, பிள்ளையார்கிட்ட அப்பா கேட்டுட்டேன்" என்றேன்.

"அவர் என்ன சொன்னார்?"

சரி என்று சொன்னார் என ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த நிமிடம் என்னால் முடியவில்லை. "இன்னும் ஒண்ணும் சொல்லலடா" என்றேன். என் குரல் உடைந்துவிட்டது.

அவள் நகர்ந்து போகும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் போகிறாள்? அடுப்படியா? "யாழினி! யாழினி!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு சாமி அலமாரியின் மணிச் சத்தம் லேசாகக் கேட்டது. மறுபடி சுவருக்குப் பக்கத்தில் அவள் குரல்.

"நானும் கேட்டுட்டேன். ஓகே."

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. அன்றைக்கு வீட்டு நெட்டைக் கவிழ்த்த அதே சுற்று ஒயர்கள் இன்னமும் சுவிட்சில் இருந்தன. அவற்றோடு செருகினால் மறுபடி எல்லாம் படுத்துவிடும். எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்க நேரமில்லை. மஞ்சள் ஒயரையும் லேப்டாப் ஒயரையும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். ஆறு மாதம் இரவு பகலாகக் கட்டியது. ஒரு நிமிடத்தில் தரையில் கிடந்தது. கொஞ்சம்கூட வலிக்கவில்லை.

"இப்போ டிக் பண்ணுடா."

டிக்.

சுவிட்சில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அது பச்சையாக முப்பது வினாடி ஆகும். ஏன் ஆகும் என்று பரீட்சைக்காக நான் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். அன்று அந்த முப்பது வினாடியும் கைகூப்பிக்கொண்டு நின்றேன். பச்சையானது.

வாணிக்கு மெசேஜ் போட்டேன். வேலை நேரத்தில் அவள் ஃபோன் லாக்கரில் இருக்கும். அதற்கு அடுத்து திரையில் இருந்தது நம் பாட்டுக் குழுவின் மெசேஜ் பக்கம். "உதவி. வீட்டில் மாட்டிக்கொண்டேன். அடுப்பு எரிகிறது. குழந்தை தனியாக" என்று அடித்தேன். உங்களில் யாரிடமும் எதையும் கேட்டறியாதவன் கேட்டது அதுதான் முதல் முறை.

மதியத்தில் ஃபோனைத் தொடாதவர் கோமதி அக்கா. அன்று சதுர்த்திக்கு அருகம்புல் மாலை சொல்லியிருந்த தேக்கா சந்தைப் பூக்கடையின் பதிலுக்காக ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தார். எதிர் ப்ளாக்கில் இருக்கிறார். நைட்டியோடு ஓடி வந்ததாகப் பிறகு சொன்னார். எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, காக் ரோஸ்னாவிடம் எங்கள் சாவி ஒன்று எப்போதும் இருக்கும். இரண்டு பேரும் கதவைத் திறந்து உள்ளே வரும் வரை நானும் யாழினியும் சுவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தோம். அவளை அந்த இடத்தைவிட்டு நகராமல் வைத்திருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"அடுப்பை ஆஃப் பண்ணிட்டோம் தம்பி! பிள்ளை என் கையில இருக்கு! அழாதீங்க லா!"

உயிர் போய் உயிர் வந்தது. அவசர உதவிக்காரர்கள் வந்து கதவைத் திறக்க மேலும் முக்கால் மணி நேரம் ஆனது. நான் அவசரப்படவே இல்லை. வெளியே வந்து முதலில் பார்த்தது அடிக்கருகிய குக்கரைத்தான். வால்வு பாதி உருகியிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் என்று காக் ரோஸ்னா ஆரம்பித்தார். கோமதி அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மூன்றாம் முறையும் பரீட்சைக்குப் போனேன். தேறவில்லை. அதை அந்த வெள்ளிக்கிழமையே உங்களிடம் சொன்னேன், நினைவிருக்கும். இப்போது நாலே பெட்டிகள்தான், ஹாலின் மூலையில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கின்றன. யாழினி விழித்திருக்கும் நேரத்தில் அவற்றை நான் தொடுவதில்லை. அரிசி மூட்டை ஷெல்டருக்குத் திரும்பிவிட்டது. வாணியிடம் சத்தியத்தை மீறியதைச் சொன்னபோது அவள் சாமி அலமாரிக்கு முன்னால் போய் நெடுநேரம் நின்றாள். என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம்தான் யாழினியிடம் மனசில் இருந்ததைக் கேட்டேன். "அன்னிக்கு மணி அடிச்சுக் கேட்டியே, பிள்ளையார் உன்கிட்ட என்னடா சொன்னார்?"

படம் வரைந்துகொண்டே சொன்னாள். "ஒண்ணும் சொல்லல. நீங்க அழுதீங்கல்ல, அதான் ஓகே சொன்னேன்."

அன்பர்களே, இதைக் கேட்டு என் பக்தி குறைந்திருக்கும் என்று யாராவது நினைக்கலாம். நான் சாமி அலமாரிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். அழுகிற குரலைக் கேட்டு மனமிரங்குவதற்குத்தானே அவரை நாம் தேடிப் போகிறோம்? அன்று அவர் அந்தச் சின்ன மனசில் உட்கார்ந்து இரங்கினார். உங்கள் வீட்டிலும் ஒரு கதவு மாட்டிக்கொண்டிருந்தால் என்னைப் போல ஆறு மாதம் சிரித்து மழுப்பாதீர்கள். வாய்விட்டுக் கேளுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.