எண்பத்தைந்து எம்.எம்.மில் அடங்காத முகம்

மூன்று வருடங்களுக்கு முன், மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு மருத்துவமனையின் சின்ன அறையில் நடந்தது இது.

என் நண்பனின் குடும்பம் பீடோர் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது. அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை. அப்போது இரண்டு வயதான அவன் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அது தெரியாமல், பெயர் சூட்டிய அன்று எல்லாக் குழந்தைகளுக்கும்போல அவள் காதிலும் மூன்று முறை பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு அறுவை சிகிச்சை செய்து, காது கேட்பதற்கான கருவி பொருத்தினார்கள். அன்றுதான் அதை முதன்முதலாக இயக்கும் நாள். நண்பனுக்கு லீவு கிடைக்கவில்லை.

“மச்சான், பேர் கூப்புடுறப்ப அம்மாவும் மவளும் ஒரே படத்துல இருக்கணும். அது போதும்லா எனக்கு” என்றான் போனில்.

எனக்குப் புகைப்படப் பைத்தியம். வீட்டில் இரண்டு லென்ஸ். முப்பத்தைந்து எம்.எம். சுற்றியிருப்பதையும் சேர்த்து எடுக்கும். எண்பத்தைந்து எம்.எம். ஒரு முகத்தை மட்டும் கிட்டே கொண்டுவந்து, பின்னால் இருப்பதை மங்கலாக்கும். அந்த அழகுக்கு ஆசைப்பட்டு எண்பத்தைந்தை மட்டும் எடுத்துப் போனேன். புதுசு வேறு, கேட்க வேண்டுமா!

அறைக்குள் போனதும்தான் செய்த தப்பு புரிந்தது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, அவ்வளவுதான் இடம். மணியடித்தால் பிள்ளை மிரளும் என்று கைப்பேசிகளையும் வெளியே வாங்கி வைத்துவிட்டார்கள். சுவரோடு ஒட்டி நின்று பார்த்தேன். ஒரு முகம்தான் அடங்கியது.

“ரெண்டு பேரும் தெரியுறோமா அண்ணே?” என்று கேட்டாள் நண்பனின் மனைவி.

“ஒருத்தர்தாம்மா வருது. தப்பு பண்ணிட்டேன்.”

“அப்ப பாப்பாவ எடுங்க” என்றாள்.

கருவியை இயக்கினார்கள். அவள் குனிந்து மகளின் பெயரைச் சொன்னாள். ஒன்றுமில்லை. இரண்டாம் முறை, பொம்மையைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. மூன்றாம் முறை குழந்தையின் கண்கள் அகல விரிந்தன. பட்டனை அழுத்தினேன். மறு நொடி அவள் வீறிட்டு அழுது அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அம்மாவோ சிரிப்பும் கண்ணீருமாக அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு வருடம் காத்திருந்த ஒரு பெயர் தன் சொந்தக்காரியிடம் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். கேமராவை மறுபடி தூக்கவே தோன்றவில்லை.

படத்தை அனுப்பியதும் நண்பன் கூப்பிட்டான். “அவ எங்க மச்சான்?”

உண்மையைச் சொன்னேன்.

“சரி, நீ பாத்தில்ல? அவ மூஞ்சி எப்படி இருந்துச்சு, சொல்லு.”

சொன்னேன். மறுபடியும் கேட்டான், மறுபடியும் சொன்னேன்.

அன்றிலிருந்து என் கேமராவில் முப்பத்தைந்துதான் இருக்கிறது. ஆனால் அந்தத் தாயின் முகம் எந்தப் படத்திலும் இல்லாததால், நண்பன் ஊருக்கு வரும்போதெல்லாம் அதை என் வாயால் கேட்கிறான். நானும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்கிறேன்.