விளக்கெண்ணெய் ஊற்றிய ஷாக் அப்சார்பர்

1. மாமா தன் பழைய காரை நேர்ச்சாலைப் பந்தயத்துக்கு விடத் துணிந்தார்.
2. பின் சக்கர ஷாக் அப்சார்பர்களைத் தேர்ந்தெடுத்துச் சரிசெய்யும் வேலையை நான் கேட்டு வாங்கினேன்.
3. கொல்லிமலையில் எங்கள் வீட்டு வாசலில் ஏழு நாள் சோதித்தேன்.
4. கீழே போய் ஒரே ஒரு முறை ஓட்டினோம்.

அப்போது நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து மூன்று மாதம். மலையில் என்னைவிட விஷயம் தெரிந்தவர் எவரையும் சந்தித்திருக்கவில்லை. யாரிடமும் கேட்காததும் காரணமாக இருக்கலாம்.

மாமா நிபந்தனை போட்டிருந்தார். "ஜெயிச்சா காரு உன் பொறுப்பு, சாமி. தோத்தா பானெட்டுப் பக்கமே வரப்படாது."

கார் பாய்ந்து கிளம்பும்போது பின் சக்கரம் துள்ளக் கூடாது. துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய். கெட்டியாக இருந்தால் நன்றாக அடக்கும். சேலத்துப் பழைய சாமான் கடையில் இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் வெளியே நீட்டியிருக்கும் இரும்புக் கையில் ஒரு பலாப்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டேன். கை இறங்க எத்தனை விநாடி என்று எண்ணி எழுதினேன். நான்காம் நாள் அத்தை பழத்தை அறுத்துவிட்டாள். அதே எடையில் வேறு பழம் தேடி, நோட்டில் அடிக்குறிப்பும் போட்டேன். நல்ல ஜோடி கிடைத்தது. கடையில் விற்கும் ஷாக் அப்சார்பர் எண்ணெய்தான் எதுவும் கெட்டி போதவில்லை. கடைசியில் வீட்டு விளக்கெண்ணெயை ஊற்றினேன். பழம் பல்லக்கில் வருவதுபோல் இறங்கியது.

காளப்பநாயக்கன்பட்டிக்கு வெளியே புதிதாகப் போட்டு இன்னும் திறக்காத அரை மைல் ரோடு. மதியம் இரண்டு மணி, தார் இளகும் வெயில். எதிரில் பேளுக்குறிச்சி அரிசி மில்காரரின் கார். அது ஓடி முடித்தபோது எங்கள் கார் இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது.

மில்காரர் இறங்கி வந்து மாமாவிடம் நிதானமாகக் கேட்டார். "ஏனுங்க, இது ஓட வந்துதுங்களா, கும்மியடிக்க வந்துதுங்களா?"

ஷாக் அப்சார்பரைத் திறந்தேன். விளக்கெண்ணெய் ரசம்போல் வழிந்தது. மாமா என் நோட்டை வாங்கிப் புரட்டினார். ஏழு நாளும் ஒரே குறிப்பு: காலை ஆறு மணி, குளிர், சால்வை தேவை.

"நீயேதான் எழுதியிருக்கற கண்ணு," என்றார்.

ஷாக் அப்சார்பர் பானெட்டுக்குள் இல்லையே என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

கார் இப்போது நன்றாக ஓடுகிறது. பட்டறைக்காரர் கடை எண்ணெய் ஊற்றியிருக்கிறார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து போகிறேன்.