மஞ்சூர் வளைவில் ஒரு சால்வை

சனிக்கிழமை, காலை 5.10. கோவை காந்திபுரத்திலிருந்து எங்கள் பேருந்து கிளம்பியது. இரண்டு நாள் நீலகிரிச் சுற்றுலா. அறை, சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 3,800 ரூபாய். தனியாக வரும் பெண்கள் இன்னொருவரோடு அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். எனக்குக் கிடைத்தவள் நித்யா, கோபிச்செட்டிபாளையத்துப் பெண், மருந்துக்கடையில் வேலை. அப்பா அம்மாவோடு வந்திருந்தாள்; அறைக்கு இரண்டு பேர்தான் என்பதால் அவள் என்னோடு. பேருந்திலும் என் பக்கத்து இருக்கை அவளுக்குத்தான்.

நான் திருப்பூரில் தையல் கடை வைத்திருப்பவள். ஊர் பார்க்க ஆசை உண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரூம் தேடி அலையத் தெம்பில்லை. என்னைப் போன்றவர்களுக்கு இந்த மாதிரிப் பயணம் சரிப்படும். ஆனால் நினைத்த இடத்தில் நிற்கலாம் என்று கனவு காண வேண்டாம். தேயிலைத் தொழிற்சாலைக்கு அரை மணி, படகு இல்லத்துக்கு முக்கால் மணி. விசில் ஊதினால் ஏறிவிட வேண்டும்.

விசில், வழிகாட்டி ஜெயந்தியின் கழுத்தில் தொங்கியது. நீலகிரியிலேயே கட்டபெட்டு ஊர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். ஏறியதுமே சட்டம் சொல்லிவிட்டார். "ஏனுங்க, இன்னைக்கு முன்னாடி உக்காந்தவங்க நாளைக்குக் கடைசி சீட்டுங்க. பின்னாடி இருக்கறவங்க முன்னாடி வந்துருவாங்க. நாளைக்குக் காலைல சண்டை போடக் கூடாதுங்க."

6.40. கல்லாறு சோதனைச்சாவடி. மலைக்குப் பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது. தண்ணீர் பாட்டில்களோடு, வாந்தி வந்தால் இருக்கட்டும் என்று வீட்டில் மடித்து மடித்து எடுத்து வந்த கேரி கவர்களும் போயின. ஒரு அம்மாள் ஜாக்கெட்டுக்குள் இரண்டை ஒளித்துப் பார்த்தார். நடக்கவில்லை. காகிதப் பையும் ஸ்டீல் பாட்டிலும் எடுத்துப் போங்கள், அதுதான் புத்தி.

மேலே கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. நித்யா என் காதருகே குனிந்தாள். "அக்கா, முன் சீட்டுல நீலச் சட்டை போட்டிருக்கறவரு எப்படிங்க?"

எனக்குப் புரிந்துவிட்டது. மீதியை அவளே சொன்னாள். அவன் பெயர் பிரபு. கோவையில் பம்புசெட் பாகங்கள் செய்யும் பட்டறை. அம்மாவும் அவனும் மட்டும் வந்திருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஊருக்குத் தெரிந்துவிடும், தட்டிப்போனால் பேச்சு. அதனால் இரண்டு குடும்பமும் ஒரே சுற்றுலாவுக்குப் பணம் கட்டி, முன்பின் தெரியாதவர்கள் போல ஏறியிருக்கிறார்கள்.

"நாலு தடவை காபித் தட்டு தூக்கியாச்சுங்க்கா. நாளைக்கு எறங்கறதுக்குள்ள பதில் சொல்லோணும்னு அப்பா சொல்லிட்டாரு" என்றாள்.

குன்னூரில் தேயிலை வாடிக்கொண்டிருந்த நீண்ட தொட்டிகளையும், ஊட்டியில் பூங்காவையும் ஏரியையும் பார்த்தோம். டீ இருபது ரூபாய். பிரபு மரியாதையான பையன். நித்யாவின் அப்பா படியில் தடுமாறியபோது தாங்கிப் பிடித்தான். எனக்கும் அவனைப் பிடித்துப்போனது, பொய் சொல்வானேன்.

ஞாயிறு, காலை 7.30. இருக்கைகள் மாறின. பிரபுவும் அம்மாவும் கடைசி வரிசை. நானும் நித்யாவும் அவர்களுக்கு ஒரு வரிசை முன்னால். ஊட்டியிலிருந்து மஞ்சூர் முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள்தான், ஆனால் சாலை நேராகக் கிடக்கும் இடம் குறைவு. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் குடலே இடம் மாறும். "ஜன்னல்ல வேடிக்கை பாக்காதீங்க, நேரா ரோட்டைப் பாருங்க" என்று ஜெயந்தி இஞ்சி மிட்டாய் கொடுத்துக்கொண்டே போனார்.

மஞ்சூருக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு இறக்கத்து வளைவில், பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. நானும் நித்யாவும் ஒரே நேரத்தில் திரும்பினோம். பிரபு தன் அம்மாவின் சால்வையில் முகத்தைப் புதைத்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவன் நிமிர்வதற்குள் நித்யா திரும்பிக்கொண்டாள். பாவம், அவன் சங்கடப்படக் கூடாதாம்.

ஜெயந்தி ஓடிவந்தபோது சால்வை சுருட்டப்பட்டு அம்மாவின் மடியில் இருந்தது.

"எனக்குத்தாங்க ஒத்துக்கல" என்றார் அந்த அம்மாள்.

பேருந்து முழுக்க அவரைக் கவனித்தது. யாரோ எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். பிரபு அதை வாங்கி அம்மாவின் மூக்கருகே பிடித்தான். முன்னாலிருந்து எழுந்து வந்த நித்யாவின் அப்பா, மனைவியிடம் கண்ணாலேயே சொன்னார்: பார், பெற்றவளை எப்படித் தாங்குகிறான்.

9.15. மஞ்சூர் டீக்கடை. அந்த அம்மாள் குழாயடியில் நின்று வாயைக் கொப்பளித்தார், வாந்தியே எடுக்காத வாயை. சால்வையையும் அவரே அலசினார். குளிரில் விரல்கள் சிவந்துவிட்டன. நித்யா எழுந்து பிரபுவிடம் போனாள். இரண்டு நாளில் அவள் அவனோடு நேரடியாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்கு ஒன்னும் பண்ணலீங்களா?"

"எனக்கு மலை ரோடெல்லாம் பழக்கமுங்க. அம்மாவுக்குத்தான் ஆகாது."

அவள் தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். டீ ஆறிப்போனது. எனக்குக் கோபம் வந்தது. எழுந்து போய் அந்தப் பையனை இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாலை 5.40. கோத்தகிரி வழியாக இறங்கி மேட்டுப்பாளையம். கடைசி டீ நிறுத்தம். சமவெளியின் புழுக்கத்தில் எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். நித்யாவின் அப்பா, நான் இருப்பதைப் பொருட்படுத்தாமல், மகளிடம் கேட்டார்.

"என்ன கண்ணு, சரின்னு சொல்லிரலாமா?"

"வேண்டாமுங்கப்பா. மஞ்சூர்ல வாந்தி எடுத்தது அவருங்க. நானும் அக்காவும் பாத்தோம்."

அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன்.

"அட, வாந்தி எல்லாருக்கும் வர்றதுதான். அதெல்லாம் ஒரு குறையா?"

"அது குறையில்லீங்கப்பா. நாளைக்கு அந்த ஊட்டுல எது நடந்தாலும், எனக்குத்தாங்க ஒத்துக்கலன்னு நான் சொல்லோணும். அவரு எலுமிச்சம்பழம் புடிப்பாரு."

அவர் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, "செரி, வேண்டாம் உடு" என்றார்.

என் வீட்டுக்காரரை இந்தப் பயணத்துக்குக் கூப்பிட்டபோது, கடையில் நாலு வாடிக்கையாளர் முன்னால், "எனக்கு மலை ஏறுனா வாந்தி வரும், நீ போயிட்டு வா" என்றார். சபையில் இதைச் சொல்வானேன் என்று அன்றைக்கு எனக்கு மானம் போனது. விசில் ஊதுவதற்குள் அவருக்குப் போன் போட்டேன்.

"என்னாச்சு, பஸ்ஸு கிஸ்ஸு நின்னு போச்சா?" என்றார்.

"ஒன்னுமில்லீங்க. சும்மாதான் கூப்பிட்டேன்."